நீலம் கொஞ்சம் கூடிய புடவைகள்

இன்று காலை எழுந்து வரும்போதே வீட்டில் சாயம் கொதிக்கும் வாசனை. உப்பும் ஆவியும் நனைந்த நூல் துணியும் கலந்த அந்த வாசனையை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. உன் அண்ணன் மகள் அடுப்பின் முன்னால் நின்று, அலுமினியக் குண்டானில் என் பழைய புடவை ஒன்றைக் கரண்டிக் காம்பால் அமுக்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவள் வேலையில் சேருகிறாள், டைப்பிஸ்ட்டாக. ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போக ஐந்தாறு புடவையாவது வேண்டும். புதிதாக இரண்டு வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மற்றதை அவளே பார்த்துக்கொள்கிறாளாம்.

"ஒரு பாக்கெட் கலர் வாங்கினா பழைய பொடவை புதுசாயிடும்மா. எல்லாரும் பண்றாங்க," என்றாள்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் பதில் சொல்லாமல் பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். இப்போதெல்லாம் எதற்கும் பதில் சொல்வதற்குள் அலுப்பு வந்துவிடுகிறது. உன்னிடம் சொன்னால் தேவலை என்று தோன்றியது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் இந்த விஷயத்தைப் பேச உன்னைத் தவிர எனக்கு வேறு யார்?

உன் அண்ணன் சித்தூரிலிருந்து குடிபாலா பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகச் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தவர். காய்ச்சல் என்று படுத்தார், டைபாய்டு என்றார்கள், எழுந்திருக்கவில்லை. எனக்கு இருபத்தாறு வயது. குழந்தை அப்போதுதான் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து உன் அம்மா என் டிரங்குப் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்து வந்து திறந்தார்கள். என் கலியாணப் புடவையை மட்டும் குழந்தைக்கு என்று எடுத்து வைத்துவிட்டு, மற்ற கலர் புடவைகளை எல்லாம் நம் சர்ச் சபையின் இல்லாதப்பட்ட பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அவர்களே பஜார் தெருவுக்குப் போய் நாலு வெள்ளை மல் புடவை வாங்கி வந்தார்கள். கரை கிடையாது. மட்டமான துணியும் இல்லை. கையில் தேய்த்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கியது என்று பார்த்தாலே தெரிந்தது.

அத்தை கொடுமைக்காரி இல்லை. இதை நான் உன்னிடமே பல முறை சொல்லியிருக்கிறேன், நீதான் ஒப்புக்கொள்ள மாட்டாய். நீ பள்ளிக்கூடம் போகுமுன்பே மாமா போய்விட்டார். அன்றிலிருந்து வெள்ளை கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர்கள். தனக்குத் தெரிந்ததை எனக்குக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

அந்த வீட்டில் வெள்ளைப் புடவை கட்டிய இரண்டு பேர் ஆனோம். குழந்தை தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து, அம்மா என்று அத்தையின் முந்தானையைப் பிடிப்பாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததும் அழுவாள். லீவில் வந்திருந்த நீ ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாய். அன்றைக்கு உன் முகம் போன போக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறது.

திருப்பதியில் நீ நர்சாக இருந்தாய். உன் வார்டில் யாரையோ பார்க்க வந்த அம்மாள் ஒருவர் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் நடத்துகிறார் என்று தெரிந்ததும், பேச்சுக் கொடுத்து எனக்கு அங்கே வேலை கேட்டுவிட்டாய். மிஷன் ஸ்கூலில் படித்தவள், பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள் என்றெல்லாம் அளந்துவிட்டிருக்கிறாய். குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டுத் திருப்பதிக்கு வந்தேன். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், ஒரு வீட்டின் பின்னால் உனக்கிருந்த ஒற்றை அறையில் நானும் சேர்ந்துகொண்டேன். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிச் சித்தூர் போவோம். ஞாயிறு கோயிலில் ஆராதனை. திங்கள் விடிந்ததும் திரும்பி வருவோம்.

பள்ளிக்கூடத்தில் காலையில் வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்வது என் வேலை. ஒரு நாள் பெரியவர் ஒருவர் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். என் புடவையைப் பார்த்தார். பேரனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பையன் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனான். லீவு கிடைத்த சந்தோஷம் அவனுக்கு.

இரண்டு நாள் கழித்துத் தலைமை அம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏமனுக்கோவத்தம்மா," என்று தெலுங்கில்தான் ஆரம்பித்தார், தப்பாக நினைக்காதே என்று. பிறகு எனக்காகத் தமிழுக்கு வந்தார். "பாடம் நல்லாவே சொல்றீங்க. அதுல கம்ப்ளெயின்ட் இல்ல. ஆனா கொழந்தைங்களக் கூட்டிக்கினு வர்றவங்க காலைல மொத மொத வெள்ளை சீர கட்டினவங்களப் பார்க்கறோம்னு வருத்தப்படறாங்க. இது திருப்பதி இல்லையா? லேசா ஏதாவது கலர் கட்டிக்கினு வாங்க. இல்லன்னா அடுத்த வருஷத்துக்கு நான் உங்கள வெச்சுக்கறது கஷ்டம்."

கெட்டவர் இல்லை அவரும். என் வாழ்க்கையில் கெட்டவர்கள் ரொம்பக் குறைவு. நல்லவர்களிடம்தான் நான் களைத்துப் போனேன்.

அன்று நீ டியூட்டி முடிந்து வந்தபோது நான் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தேன். நீ தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாய்.

"இன்னா அண்ணி, தலைய கவுத்துகினு ஒக்காந்துகினு கீற? துன்னியா?"

நடந்ததைச் சொன்னேன். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடுகிறேன் என்றும் சொன்னேன். நீ வெள்ளை யூனிபாரத்தோடு என் எதிரில் தரையில் உட்கார்ந்தாய்.

"நானும்தான் பகல் பூரா வெள்ளை கட்டிக்கினு கீறேன். எனக்குச் சம்பளம் தராங்க. உனக்கு இன்னா தராங்க?" என்றாய்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கடைக்குப் போய் ஒரு கலர் புடவை வாங்கலாம் என்றாய். என் சம்பளம் குழந்தையின் பாலுக்கும் அத்தை வீட்டுச் செலவுக்கும் போய்விடும். உன்னுடையது வாடகைக்கும் மாமா பேரில் இருந்த கடனுக்கும். அதுகூடப் பெரிதில்லை. உண்மையைச் சொன்னால் என்னால் முடியவில்லை. உன் ரோஸ் கலர் வாயில் புடவையை என் தோள்மேல் போட்டுப் பார்த்தாயே, அப்போது தோள் கூசியது. உன் அண்ணன் போய் ஒரு வருஷம்கூடத் திரும்பவில்லை. ஊர் சொன்னதற்காக மட்டும் நான் வெள்ளை கட்டவில்லை. வேறு எதையும் கட்டிக்கொள்ள எனக்கே அப்போது தெம்பு இல்லை. நீ அதைப் புரிந்துகொண்டு புடவையை மடித்து வைத்துவிட்டாய்.

மறுநாள் உனக்கு மத்தியானத்துக்கு மேல் ஆஃப். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கிணற்றடியில் என் வெள்ளைப் புடவை ஒன்றை அலசிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் நீலப் பொடி.

"வெள்ளத் துணிக்கு நீலம் போடாத வூடு கீதா அண்ணி? ஒரு சிட்டிகை போட்டா வெள்ளை. ரெண்டு சிட்டிகை போட்டாலும் வெள்ளைதான். ஒரு கரண்டி போட்டா? எங்க வந்து நின்னா அது கலரு? யாரு கோடு கிழிச்சு வெச்சாங்க, சொல்லு."

புடவை காய்ந்த பிறகு கட்டிப் பார்த்தேன். வெள்ளைதான். வெயிலில் நின்றால் மட்டும், பால் ஆடையின் அடியில் தெரியும் மாதிரி ஒரு நீலம். தோள் கூசவில்லை.

அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். நீ என்னைக் கேட்கவே மாட்டாய். துவைக்கும்போது போட்டுவிடுவாய், காய்ந்ததும் மடித்து வைத்துவிடுவாய். இரண்டாவது புடவையை டீத்தூள் கஷாயத்தில் ஊற வைத்தாய். அது சந்தன நிறத்துக்கு வந்தது. மூன்றாவதற்குக் காந்தி ரோடு கடையில் சாயப் பாக்கெட் வாங்கி, பாதியைக் கரைத்துப் பாதியை மடித்து வைத்தாய், கத்திரிப்பூ நிறம். நாலாவதை என்ன செய்வதென்று ரொம்ப யோசித்தாய். கடைசியில், உடல் கிழிந்துபோன உன் அரக்குப் புடவையின் கரையைக் கத்தரித்து அதன் விளிம்பில் கையாலேயே தைத்தாய். ஜாக்கெட்டுகளுக்கும் துணி வாங்கவில்லை. உன் பழைய யூனிபாரம் ஜாக்கெட்டுகள் மிச்சச் சாயத்தில் முங்கி எழுந்தன. கக்கத்தில் மட்டும் கொஞ்சம் வேறு நிறமாக இருக்கும். "கைய தூக்காத, அவ்ளோதான்," என்பாய்.

கோடை லீவு வருவதற்குள் அந்த நாலு வெள்ளைப் புடவையும் நாலு விதமாகிவிட்டன. எந்த நாளில் அது நடந்தது என்று என்னாலும் சொல்ல முடியாது. தலைமை அம்மாள் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி ஒரு காலை என்னை அண்ணாந்து பார்த்து, "கொத்த டீச்சரா?" என்று கேட்டாள். புது டீச்சரா என்று. அதை உன்னிடம் வந்து சொன்னபோது நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். உன் அண்ணன் போன பிறகு முதல் தடவையாக இருக்கும்.

சித்தூர் போகும்போது மட்டும் இருப்பதிலேயே வெளிறியதைக் கட்டிக்கொள்வேன். அத்தைக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. அதனால் தெரியவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அறுப்பின் பண்டிகை ஞாயிறு வந்தது. அன்றைக்கு என்னவோ நீலப் புடவையைக் கட்டிக்கொண்டேன். அது அதற்குள் பட்டும் படாமலும் இல்லை, நீலம்தான். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. குழந்தையை முந்தானையில் மூடித் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினேன். இறக்கி விட்டபோது அவளுடைய வெள்ளை கவுன் தோளிலிருந்து இடுப்புவரை நீலம்.

சபை மூப்பர் வீட்டு அம்மாள் பக்கத்தில் நின்றிருந்தார். "இன்னாம்மா இது, கொழந்தை கவுனெல்லாம் நீலமா கீது?"

நீ வாயைத் திறப்பதற்குள் உன் அம்மாவின் குரல் வந்தது.

"நான்தாம்மா தொவைச்சேன். கண்ணு சரியாத் தெர்ல. நீலம் ஜாஸ்தியா போட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அத்தை என் ஈர முந்தானையைக் கையில் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு உன்னைப் பார்த்தார்கள்.

"உங்கண்ணன் செத்து வருசம் திரும்பிச்சாடி?"

"எல்லாம் நான் செஞ்சதும்மா. அண்ணிய ஒண்ணும் சொல்லாத."

"வருசம் திரும்பிச்சான்னு கேட்டேன்."

"செத்தது எனக்கும் அண்ணன்தானேம்மா," என்றாய். உன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "ஒரே வவுத்துல பொறந்தவன். நான் மறு வாரமே கலர் கட்டிக்கினு கோயிலுக்கு வந்தேன். ஒருத்தர் என்னைக் கேட்டாங்களா? நீ கேட்டியா? எனக்கு மட்டும் துக்கம் இல்லியா? இவளுக்கு மட்டும் இன்னாத்துக்கு வெள்ளையப் போத்தி வுட்ட?"

அத்தை குழந்தையின் கவுனைக் கழற்றி வாளியில் போட்டார்கள். கொஞ்ச நேரம் அதைக் கசக்கிக்கொண்டே இருந்துவிட்டு, வாளியைப் பார்த்தபடியே சொன்னார்கள்.

"அந்த ஊர்ல எத்த வேணா கட்டட்டும். பொழப்பு. ஆனா இந்த வாசப்படி ஏறும்போது வெள்ளை கட்டிக்கினு ஏறட்டும். நான் கீற வரைக்கும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன்னுடைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்கள். கரையில்லாத வெள்ளையாக என்னிடம்தான் ஒன்றும் மிச்சம் இல்லையே.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். சனிக்கிழமை சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பெண்கள் காத்திருக்கும் அறைக்குப் போவோம். அதற்குக் கதவு உண்டு, உள்தாழ்ப்பாள் கிடையாது. மூலையில் நான் நிற்க, நீ ஒரு போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பாய். கலரை அவிழ்த்து வெள்ளையைச் சுற்றிக்கொள்வேன். திங்கட்கிழமை விடியலில் அதே மூலையில் வெள்ளையை அவிழ்த்துக் கலரைச் சுற்றிக்கொள்வேன். அங்கே பெருக்கும் அம்மாள்கூட நம்மைப் பார்த்தால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். மழையில், சித்திரை வெயிலில், நீ இரண்டு இரவு டியூட்டி பார்த்துவிட்டு நின்றபடியே தூங்கிய வாரங்களில்கூட அந்தப் போர்வை இறங்கியதில்லை.

"சனிக்கெழம அடக்கம், திங்கக்கெழம உயிர்த்தெழுதல்," என்பாய் போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "ஆண்டவருக்கே மூணு நாளாச்சு. உனக்கும் அதே கணக்கு. சீக்கிரம் கட்டு அண்ணி, கை வலிக்கிது."

உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேர். ஒன்று தூரமாக இருந்தது, ஒன்று கேட்டது அதிகமாக இருந்தது. அப்புறம் யாரும் வரவில்லை. நீ போயிருந்தால் இந்த வீடு எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதை நாம் பேசிக்கொண்டதே இல்லை. உனக்கென்று நீ புடவை வாங்குவதும் குறைந்துபோனது. இருப்பதையே இருவரும் மாற்றி மாற்றிக் கட்டினோம். யார் புடவை எது என்பதே மறந்துபோனது.

அத்தை மாறினார்களா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு சனிக்கிழமை பூதலப்பட்டுக்குப் பக்கத்தில் பஸ் ரிப்பேராகி நின்றுவிட்டது. வேறு பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது காத்திருக்கும் அறையைப் பூட்டியிருந்தார்கள். உனக்குக் காய்ச்சல் வேறு. நான் கத்திரிப்பூ நிறத்திலேயே வீட்டுக்கு வந்தேன். அத்தை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். அதற்குள் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது, நன்றாகவே தெரியும். கையை ஊன்றி எழுந்து, வழிவிட்டு நகர்ந்தார்கள்.

"காபி கீது. சூடு பண்ணிக் குடிங்க," என்றார்கள்.

அவ்வளவுதான். அடுத்த வாரம் நான் வெள்ளையைக் கட்டிக்கொண்டு போனபோது, "இன்னாத்துக்கு அந்த பஸ் ஸ்டாண்டுல போயி நின்னுகினு," என்று மட்டும் சொன்னார்கள். அதற்குப் பிறகு கட்டவில்லை. அவர்கள் மனம் இரங்கியது என்று நீ சந்தோஷப்பட்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுக்கும் அலுத்துப்போயிருந்தது. காவல் காப்பதும் ஒரு வேலைதானே. மூன்று பெண்களும் களைத்துப்போய் ஒரு நாள் அந்த விஷயத்தைக் கீழே வைத்துவிட்டோம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அத்தை போனார்கள். பிறகு உனக்குச் சிறுநீரகம் கெட்டது. மற்றவர்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த அதே வார்டில் நீ படுத்தாய். முகம் வீங்கி, பேச்சு குறைந்து, நான் பக்கத்தில் உட்கார்ந்தால் என் முந்தானை நுனியை விரலால் நிமிண்டிக்கொண்டே இருப்பாய். எதற்கென்று நான் கேட்கவில்லை.

நீ போனதும் உன்னைச் சித்தூருக்குக் கொண்டு வந்தோம். சபைப் பெண்கள் குளிப்பாட்ட வந்தார்கள். மூப்பர் வீட்டு அம்மாள், பாவம், தள்ளாத வயதில், தானே கடைக்குப் போய் உனக்கென்று ஒரு புதுப் புடவை வாங்கி வந்திருந்தார். கலியாணம் ஆகாத பெண்ணைப் பெட்டியில் வைக்கும்போது வெள்ளை கட்டுவதுதானே நம்மவர்கள் வழக்கம். அதை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். உள்ளே போய், என் பெட்டியில் இருந்ததிலேயே நல்லதாக, மயில் கழுத்து நிறப் புடவையை எடுத்து வந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சம்பளம் உயர்ந்தபோது வாங்கியது. இரண்டு தடவைதான் கட்டியிருந்தேன்.

"இன்னாம்மா இது," என்றார் அந்த அம்மாள்.

"இதுதான் இவளுக்கு," என்றேன்.

குரலை நான் உயர்த்தவில்லை. உயர்த்தவும் தெம்பில்லை. கொசுவத்தை நானே மடித்தேன். படுத்திருக்கும் உடம்புக்குப் புடவை கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நீ எத்தனை பேருக்கு அதைச் செய்திருப்பாய்! உன் மகளும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். ஆமாம், உன் மகள் என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது. சபை ஐயர் வந்து பார்த்தார், ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். அந்த நிறம் உனக்கு நன்றாக இருந்தது.

மூப்பர் வீட்டு அம்மாள் கொடுத்த அந்த வெள்ளைப் புடவை என்னிடம்தான் இருக்கிறது. கடையில் மடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பல தடவை எடுத்திருக்கிறேன். யாருக்கென்று கொடுப்பது? சாவுக்கு வாங்கியது என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? தெரியாமல் கொடுக்கவும் மனசு வரவில்லை. அதனால் பெட்டியின் அடியில் வைத்து, மேலே மற்றதையெல்லாம் அடுக்கியிருக்கிறேன்.

எனக்கு ஒன்று ஆனால் பெட்டியைத் திறப்பார்கள். புதுப் புடவை, வெள்ளை, விதவை, கேட்க வேண்டுமா? எனக்காகவே நான் வாங்கி வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்று சொல்ல அங்கே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீ என்று நான் எந்தக் காலத்திலோ முடிவு பண்ணி வைத்திருந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

மகளிடம் சொல்லி வைக்க வேண்டும். எதைக் கட்ட வேண்டும், எதைக் கட்டக் கூடாது என்று. ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆரம்பித்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். சொல்கிறேன். இன்றைக்கு இல்லை. கொஞ்சம் இளைப்பாறிவிட்டுச் சொல்கிறேன்.